மேல வீடு, கீழ வீடு

"யாரு பேரு முதல்ல?"

நாகஜோதி தன் வாழ்நாளில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கல்யாணமான புதிதில் மாசம் தவறாமல் "என்ன, விசேஷம் உண்டா?" என்று கேட்டவர்களைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை மன்னிக்க மட்டும் மனசு வரவில்லை. கேட்ட மாத்திரத்தில் அடிநாக்கில் புளித்த ஏப்பம் போல ஒன்று வந்து நிற்கும். விழுங்கவும் முடியாது, வாடிக்கையாளர் முன்னால் துப்பவும் முடியாது.

பிறந்தது மல்லாங்கிணறு. அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்ததும் முதலில் போய் உட்கார்ந்தது கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே தாய்மாமன் முதலில் வர வேண்டுமா, பெரியப்பா முதலில் வர வேண்டுமா என்று ஒரே வீட்டுக்காரர்கள் கடைவாசலில் செருப்பைக் கையில் எடுத்ததை அங்கேதான் பார்த்தாள். பிறகு ஃப்ளெக்ஸ் கடைக்கு மாறினாள். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ். ஒருநாள் ஒருவர், வீட்டில் பிணத்தைக் கிடத்திவிட்டு, ஓட்டமாக ஓடி வந்தார். அஞ்சலி போர்டில் தன் தலை தம்பி தலையைவிடச் சிறுத்துவிட்டதாம்.

"செத்தது உங்க அம்மாண்ணே" என்றாள் நாகஜோதி.

"அது எனக்குத் தெரியாதா? நீ தலையப் பெருசாக்கு."

அன்றைக்குத்தான் அவள் அந்த வேலையை விட்டாள். பாளையம்பட்டியில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, இணையதளம் செய்து கொடுக்கத் தொடங்கினாள். காகிதத்துக்கு விளிம்பு உண்டு, ஃப்ளெக்ஸுக்கு இத்தனை அடி என்று கணக்கு உண்டு. இணையத்தில் இடத்துக்கு என்ன பஞ்சம்? எல்லாப் பேரும் இருக்கும், எல்லாத் தலையும் பெரிதாக இருக்கும், விட்டது சனியன் என்று நினைத்தாள். எந்தத் தளத்துக்கும் மெனு என்று ஒன்று வேண்டும், உள்ளே போகிறவனுக்கு வழிகாட்டும் அந்த நாலைந்து சொல்லும் ஏதாவது ஒரு வரிசையில்தான் நின்றாக வேண்டும் என்பது அப்போது அவள் புத்தியில் ஏறவில்லை.

அவள் புருஷன் பாண்டீஸ்வரன் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவன். நரிக்குடிப் பக்கம் ஒரு காட்டில் போர் இறக்கும்போது கம்ப்ரசர் ஓஸ் பிடுங்கிக்கொண்டு அடித்ததில், கல்லும் சேறுமாக முகத்தில் இறங்கிவிட்டது. ஒரு கண் அங்கேயே போயிற்று. மதுரையில் இன்னொன்றைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் கொஞ்ச காலத்தில் கங்கு போலச் சாம்பல் பூத்து அணைந்தது. பார்வையற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓரிடத்தில் சில மாதம் தங்கி, பேசும் போனைப் பழகிக்கொண்டு வந்தான். திரையை விரலால் தடவினால், விரலுக்கு அடியில் என்ன இருக்கிறதோ அதை ஒரு பெண்குரல் வாசிக்கும். இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். அந்தக் குரலுக்கு அவன் வைத்த பேர் மகராசி.

"உன்னையவிட அதிகமாப் பேசுறா ஜோதி. ஆனா கோவிச்சுக்கிட்டுப் பேச்சை நிறுத்த மாட்டேங்கிறா."

கடையில் உட்கார்ந்து ஊர்ப்பட்ட தளங்களையெல்லாம் அவன் தடவிப் பார்ப்பான். மகராசி வாசிப்பாள்: "பொத்தான். பொத்தான். படம். பெயரில்லாப் பொத்தான்." பெரிய பெரிய கம்பெனிகளின் தளங்களே அப்படித்தான் இருந்தன. விரல் வைத்தால் விரியும் மெனு, விரலை எடுத்தால் சுருண்டுகொள்ளும். பார்ப்பவர்களுக்கு மூன்று கோடு போட்டிருக்கும். கேட்பவனுக்கு அது பேரில்லாத பொத்தான். "பாதை போடச் சொன்னா ஜல்லியக் கொட்டிட்டுப் போயிருக்கானுக" என்பான் பாண்டீஸ்வரன். அதைக் கேட்டுக் கேட்டு நாகஜோதியின் கை தானாக மாறிவிட்டது. அவள் செய்யும் மெனுவில் சொல் இருக்கும், சொல்லுக்குப் பின்னால் வழி இருக்கும். ஆடாது, ஓடாது, தட்டினால்தான் திறக்கும். "என்னம்மா, மொட்டையா இருக்கு" என்று சேலைக் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பாண்டீஸ்வரனின் குலசாமி கோயிலுக்கு ஒரு தளம் வேண்டும் என்று பங்காளிகள் வந்தார்கள்.

கோயில் திருச்சுழி தாண்டி, சீமைக்கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது. வருஷத்தில் ஒருநாள் மாசிக் களரி என்று திருவிழா. அன்றைக்கு ஊருக்குள் பெட்டிவீட்டில் இருக்கும் சாமிப்பெட்டியை ஒருவன் தலையில் சுமந்துகொண்டு, செருப்பில்லாமல் காட்டுப்பாதை வழியாகக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். சாமியின் பட்டும் நகையும் சலங்கையும் அரிவாளும் அதற்குள்தான் இருக்கின்றன. பங்காளிகள் மூன்று வகையறா: மேல வீடு, நடு வீடு, கீழ வீடு. பெட்டி எடுக்கும் முறை வருஷத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். வீட்டுக்குள்ளும் ஆளுக்கு ஆள் முறை உண்டு. முறை வந்தவன் தன் வாயால் "நான் எடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அவனுக்காகப் பெண்டாட்டி சொல்லக் கூடாது, பிள்ளை சொல்லக் கூடாது. 'அடுத்தவன் சொல்லி எடுத்த பெட்டி பாதியில் இறங்கும்' என்று பேச்சு. கோயில் எல்லைக்குள் வைத்துச் சொல்லிவிட்டால் அதை யாரும் தள்ளக் கூடாது.

போன வருஷம் முறைக்காரன் திருப்பூரில் இருந்துகொண்டு போனில் சொன்னான். சொன்னான் என்று பாதிப் பேர், சொல்லவே இல்லை என்று பாதிப் பேர். களரிக்கு ஆட்டை வெட்டுவதற்கு முன்னால் ஆளை வெட்டிவிடுவார்கள் போலிருந்தது. அதனால் இந்த வருஷம் முதல் வாய்ச்சொல் செல்லாது, முறைக்காரன் தன் போனில், தன் கையால், தளத்துக்குள் போய்ச் 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்கினால்தான் செல்லும் என்று கமிட்டியில் முடிவானது.

இந்த வருஷம் கீழ வீட்டு முறை. கீழ வீட்டில் பாண்டீஸ்வரன் முறை.

கண் போன பிறகு அவன் களரிக்குப் போனாலே யாராவது கையைப் பிடித்துக்கொண்டு போய், சோறு வேகும் அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். பந்தி முடிகிறவரை புகையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பான். இலையைக் கையில் கொடுத்து, "நல்ல எலும்பாப் போட்டிருக்கேன்டா" என்பார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் போவதையே நிறுத்திவிட்டான். இந்த வருஷம் முறை வருகிறது என்று தெரிந்ததும் அவன் சொன்னான்:

"நான் எடுக்கப் போறேன் ஜோதி."

"பாதை?"

"சின்னதுல இருந்து ஆடு ஓட்டிட்டுப் போன பாதை. காலுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு, அந்தப் பொத்தானை நான்தான் அமுக்கணும். உன் விரல் பட்டுச்சுன்னு ஒரு பய சொன்னாக்கூடப் போச்சு. என்னையத் திரும்ப அண்டாகிட்டக் கொண்டுபோய் உட்கார வச்சுருவாங்க."

அவன் முறையைத் தவறவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போகும். அடுத்த வீடு மேல வீடு. மேல வீட்டுப் பெரியவர் சீனிச்சாமிதான் கமிட்டித் தலைவர். பாண்டீஸ்வரனுக்கு அவர் பெரியப்பா முறை, நாகஜோதிக்கு மாமா. அவருடைய மகன் இப்போதே மாலை போட்டு விரதம் தொடங்கிவிட்டதாக ஊரில் பேச்சு.

தளத்தைக் காட்டுவதற்கு மூவரைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தாள். சீனிச்சாமி, நடு வீட்டுக் கருத்தப்பாண்டி, கீழ வீட்டுப் பால்சாமி. கம்ப்யூட்டர் திரையில் மெனு ஒரே வரிசையில் இருந்தது: மேல வீடு, நடு வீடு, கீழ வீடு. ஒவ்வொரு வீட்டின் பக்கத்துக்குள்ளும் அந்த வீட்டுத் தலைக்கட்டுகளின் பேரும், பெட்டி முறையும், சம்மதப் பொத்தானும்.

சீனிச்சாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "பரவால்லயே. மேற்கு இடது பக்கம், கிழக்கு வலது பக்கம். ஊருல வீடு இருக்குற மாதிரியே வச்சிருக்கா மருமக."

அவர் சொன்னது சரி. மேல வீடு என்றால் மேற்கே இருக்கிற வீடு. கீழ வீடு என்றால் கிழக்கே இருக்கிற வீடு. அந்தப் பேர்களில் அதற்கு மிஞ்சி ஒன்றும் கிடையாது. தெரு உண்டான நாளிலிருந்து அது திசைதான்.

டீ வந்தது. டீயைக் குடித்துக்கொண்டே பால்சாமி தன் போனில் அதே தளத்தைத் திறந்தார். போன் திரை குறுகல். குறுகலான திரையில் மெனுவின் வரிசை மடிந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். எல்லாத் தளத்திலும் அப்படித்தான்.

மேல வீடு மேலே இருந்தது. கீழ வீடு கீழே இருந்தது.

பால்சாமி கிளாசைக் கீழே வைத்தார். "ஏம்மா ஜோதி. இதென்ன, எங்களைக் காலடியில கொண்டாந்து போட்டிருக்க?"

"அத்தான், அது கிழக்கு."

"கிழக்கு எந்த ஊருல கீழ கெடக்கு? சூரியன் என்ன இவுக கால்மாட்டுல இருந்தா மொளைக்குது?"

சீனிச்சாமி சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சிரிக்காமல் இருந்திருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். "பேருலயே இருக்குல்லப்பா. அதுக்கு மருமக என்ன செய்வா?"

"என்ன இருக்கு பேருல? என்ன இருக்குங்கிறேன்?"

"ஏலே, நான் என்ன சொல்லிட்டேன்னு துள்ளுற?"

"வரிசையா வச்சா பங்காளி, அடுக்கி வச்சா பகையாளிங்கிறது சரியாத்தான் இருக்கு."

நடு வீட்டுக் கருத்தப்பாண்டி கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார். "திருப்பி வேணா வச்சுப் பாருங்களேன். எனக்கு ஒண்ணுமில்ல. எப்படித் திருப்புனாலும் நான் நடு."

திருப்பி வைத்தால் 'கீழ வீடு' மேலே வந்தது. அதற்கு சீனிச்சாமி ஒப்பவில்லை. பேர்களை மாற்றிவிடலாம் என்றாள் நாகஜோதி. பாட்டன் வைத்த பேரை மாற்ற நீ யார் என்று மூன்று பேரும் ஒருசேரத் திரும்பினார்கள். அரைமணி நேரம் கழித்து சீனிச்சாமிக்கு ஞானம் பிறந்தது. ஏதோ ஒரு சேலைக்கடைத் தளத்தில் பார்த்தாராம். தேர்ச்சக்கரம் போல ஒரு வட்டம். சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று ஆரக்கால், மூன்று வீடு. வேண்டிய வீடு வரும்போது விரலை வைத்தால் திறந்துகொள்ளும்.

"சக்கரத்துல மேல் ஏது, கீழ் ஏது? சாமிக்கு முன்னால எல்லாரும் சமம்."

பால்சாமிக்கும் அது பிடித்துப்போயிற்று. கருத்தப்பாண்டி மட்டும் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "சக்கரத்துல நடு எங்கப்பா இருக்கு?"

அவரே மேசையில் விரலால் ஒரு வட்டம் போட்டு, அதன் நடுவில் குத்தினார்.

"அச்சாணிதானே நடு? அப்ப அச்சாணியில 'நடு வீடு'ன்னு போடச் சொல்லுங்க."

நாகஜோதி வாயைத் திறந்தாள். "மாமா, ஓடுற சக்கரத்தைப் பிடிக்கிறது வயசானவுகளுக்குக் கஷ்டம். கை நடுங்குறவுகளுக்குக் கஷ்டம். இவுகளுக்கு முடியவே முடியாது. போன் வாசிக்கிறதுக்குள்ள அது ஓடிரும்."

'இவுக' மூலையில் மோடாவில் உட்கார்ந்திருந்தான். மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவனுக்குத் தெரியாது என்பதால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது போலப் பார்த்தார்கள்.

"நம்ம வகையறாவுல கண்ணில்லாதவன் எத்தனை பேரு?" என்றார் சீனிச்சாமி, குரலைத் தாழ்த்தி. கண் தெரியாதவனுக்குக் காதும் கேட்காது என்ற நினைப்பு. "ஒருத்தன். அவனுக்குத்தான் நீ இருக்கியேத்தா."

அடிநாக்கில் அது வந்து நின்றது. அவள் விழுங்கினாள்.

மூன்றாம் நாள் மாதிரிச் சக்கரத்தை சீனிச்சாமியின் போனுக்கு அனுப்பினாள். அவரே கடைக்கு வந்து, அவள் கண்ணெதிரே, மேல வீட்டைப் பிடிக்க முயன்றார். விரல் நடுங்கிற்று. கீழ வீடு திறந்தது. இன்னொரு தடவை. நடு வீடு. இன்னொரு தடவை. மறுபடியும் கீழ வீடு. "நெட்டு சரியில்ல" என்று சொல்லிவிட்டு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சக்கரம் அப்படியே இருக்கட்டும் என்றார்.

அன்று மத்தியானம் பாண்டீஸ்வரன் அதைத் தடவிப் பார்த்தான்.

"படம்" என்றாள் மகராசி. "பெயரில்லாப் பொத்தான். படம். படம்."

அவன் விரல் கண்ணாடிமேல் ஊர்ந்து, நின்று, தட்டி, தவறி, மறுபடி ஊர்ந்தது. நாகஜோதி பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டும் இடத்தில் எல்லாம் அது இல்லை.

"ஓணான் பிடிக்கிற மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தான். கொஞ்சநேரம் கழித்து போனை மேசைமேல் குப்புறப் போட்டான். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது, அண்டாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி, இரண்டு கையையும் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நாகஜோதி இலையைப் போட்டபடியே விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். சக்கரத்தை அவள் தொடவில்லை. மகராசிக்குச் சக்கரம் என்று ஒன்று இருப்பதே தெரியாதபடி செய்தாள். அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத மெனு ஒன்றை எழுதினாள். திரையில் அது எங்கேயும் தெரியாது. வாசிக்கும் போனுக்கு மட்டும் கேட்கும். வெறும் மூன்று சொல், மூன்று வழி. எந்த வரிசையில் வைப்பது என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள்? கை போன போக்கில் அகரவரிசையில் அடித்துவிட்டு எழுந்தாள்.

பாண்டீஸ்வரன் மறுபடி தடவினான்.

"பட்டியல். மூன்று இணைப்புகள். கீழ வீடு. நடு வீடு. மேல வீடு."

கீழ வீட்டைத் தட்டினான். திறந்தது. "பெட்டி முறை" என்றாள் மகராசி. "சம்மதம். பொத்தான்."

"அமுக்குங்க" என்றாள் நாகஜோதி.

அவன் விரலை எடுத்துவிட்டான். "இங்க நீயும் நானும் மட்டுந்தானே இருக்கோம். நாளைக்கு எவனாச்சும் 'அவதான் அமுக்கிருப்பா'ன்னு சொல்லுவான். ஞாயித்துக்கிழமை கோயில்ல கூட்டம்ல? கெடுவும் அன்னிக்கு வரைக்கும் இருக்கு. அத்தன பேரு முன்னால அமுக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கோயில் முன்னால் தகரக் கொட்டகையில். புதிதாகக் கிரானைட் பதித்திருந்தார்கள். வெயிலில் அது தோசைக்கல்லாகக் கிடந்தது. சாமி கும்பிடப் போகிறவர்கள் ஒவ்வொருவராகத் துள்ளிக்கொண்டு போனார்கள். கிரானைட் கொடுத்தவர் பேர், கல்லைவிடப் பெரிய எழுத்தில், சாமியை மறைத்துக்கொண்டு இருந்தது. நாகஜோதி அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சீனிச்சாமி மைக்கைப் பிடித்தார். வரவு செலவு வாசித்தார். பிறகு, "கீழ வீட்டு முறைக்காரர் இதுவரைக்கும் சம்மதம் போடல. இன்னியோட கெடு முடியுது. அதனால முறைப்படி…" என்று இழுத்தார். மேல வீட்டுப் பக்கம் துண்டுகள் சரிசெய்யப்பட்டன.

பாண்டீஸ்வரன் எழுந்தான். "பெரியப்பா. கெடு இன்னும் முடியலையே. இப்ப அமுக்குறேன்."

"ஏத்தா ஜோதி, அவன் கையப் புடிச்சு…"

"அவ தொட வேணாம். அவ அந்தா அங்கன நிக்கட்டும். நீங்க மைக்கை மட்டும் என் போனுக்குக் கிட்டப் பிடிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

பால்சாமி ஓடிவந்து மைக்கை வாங்கிப் பிடித்தார். பாண்டீஸ்வரன் விரலை வைத்தான். புளியமரத்தில் கட்டியிருந்த குழாய் ரேடியோவில் மகராசியின் குரல் காடு முழுக்கக் கேட்டது.

"பட்டியல். மூன்று இணைப்புகள். கீழ வீடு."

அடுத்து "நடு வீடு." அடுத்து "மேல வீடு."

பெண்கள் பக்கத்தில் நின்ற நாகஜோதிக்குத் தான் அடித்த வரிசை அப்போதுதான் உறைத்தது.

"நிறுத்து" என்றார் சீனிச்சாமி. "இன்னொரு தடவ சொல்லச் சொல்லு அவளை."

மகராசி இன்னொரு தடவை சொன்னாள். அவளுக்கு என்ன பயம்?

"இது எங்க இருக்கு?" சீனிச்சாமி தன் போனை எடுத்துக் கண்ணருகில் கொண்டுபோனார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. "எனக்குத் தெரியலையே. இதுல சக்கரந்தானே இருக்கு?"

"அது கண்ணுக்குத் தெரியாது மாமா" என்றாள் நாகஜோதி. "போனு வாசிக்கிறவுக காதுக்கு மட்டுந்தான்."

"ஓகோ. கண்ணுக்குத் தெரியாம எங்களைக் கடைசியில தள்ளியிருக்க."

"அகரவரிசை மாமா. க, ந, ம. வேற ஒண்ணுமில்ல."

"எவன் போட்ட வரிசை அது?"

"தமிழ்ல அப்படித்தான்."

"பாத்தியளா!" பால்சாமி மைக்கிலேயே கத்தினார். "தமிழே எங்க பக்கம்!"

அவ்வளவுதான். மேல வீட்டார் எழுந்தார்கள். கீழ வீட்டார் எழுந்தார்கள். சின்ன வயசிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கீழ வீட்டு மருமகள் கீழ வீட்டுக்குச் செய்த சதி என்றான் ஒருவன். "ஒளிச்சு வச்ச மெனு, ஒளிச்சு வச்ச மெனு" என்று ஒரு கிழவர், மெனு என்றால் என்ன என்று தெரியாமலே, மாரில் அடித்துக்கொண்டார். கருத்தப்பாண்டி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. "நான் அப்பவும் நடு, இப்பவும் நடு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாகஜோதி பார்த்தாள். இத்தனை பேருக்கும் கண் இருக்கிறது. இருக்கிற கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றில் யார் முதல் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்த மூன்று சொல் யாருக்காக எழுதப்பட்டதோ அவன் நடுவில், இடிபட்டுக்கொண்டு, போனை நெஞ்சோடு அணைத்து நிற்கிறான். அவனை ஒருவரும் நினைக்கவில்லை. அச்சகத்து வாசல் செருப்பு நினைவுக்கு வந்தது. பிணத்தை விட்டுவிட்டுத் தலையைப் பெரிதாக்க வந்தவர் நினைவுக்கு வந்தார். இந்தத் தடவை அவள் விழுங்கவில்லை. கொட்டகைக்கு வெளியே போய்க் கருவேலம் புதரில் காறித் துப்பினாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் இல்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

அப்போதுதான், அந்தக் கூச்சலுக்குள், பாண்டீஸ்வரன் காலடியில் விழுந்து கிடந்த மைக் வழியாக மகராசியின் குரல் கேட்டது: "சம்மதம் பதிவானது."

வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சீனிச்சாமி மைக்கைப் பொறுக்கி எடுத்தார். "இந்த வெப்சைட்டே நமக்கு வேணாம். இன்னியோட செல்லாது. சரிதானா?"

"சரி!" என்றது மேல வீடு. எங்கள் பேர் முதலில் நிற்பதை மறைத்த கள்ளச் சக்கரம் எங்களுக்கும் வேண்டாம் என்றது கீழ வீடு. நடு வீடு கையைத் தூக்கியது. கமிட்டி உண்டான நாளிலிருந்து மூன்று வீடும் ஒத்துப்போன முதல் தீர்மானம் அது.

"நான் அமுக்கிட்டேன் பெரியப்பா" என்றான் பாண்டீஸ்வரன்.

"அதான் செல்லாதுன்னாச்சேப்பா. செல்லாத எடத்துல அமுக்குனா எப்படிச் செல்லும்? கெடுவும் முடிஞ்சது. முறை அடுத்த வீட்டுக்கு…"

பாண்டீஸ்வரன் குரல் வந்த திசைக்கு இரண்டு எட்டு வைத்தான். கையை நீட்டினான். சீனிச்சாமியின் மணிக்கட்டு அகப்பட்டது. அதைப் பிடித்து, மைக்கோடு சேர்த்துத் தன் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தான்.

"வெப்சைட்டு செல்லாதுன்னா பழையபடி வாய்ச்சொல்தானே? கீழ வீட்டுப் பாண்டீஸ்வரன். பெட்டிய நான் எடுக்கிறேன்."

புளியமரம் அதைக் காட்டுக்குச் சொன்னது. கோயில் எல்லைக்குள் சொன்ன சொல்லை யாரும் தள்ள முடியாது. அது அவர்களே வைத்த சட்டம். யாரும் கை தட்டவில்லை. கருத்தப்பாண்டி ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்தார். "சொல்லிட்டான்ல. முடிஞ்சுபோச்சு. பந்தியப் போடுங்கப்பா."

"விழுந்து கிழுந்து வச்சேன்னா?" என்றார் சீனிச்சாமி.

"விழுந்தா நான் விழுவேன். பெட்டி விழாது."

திரும்பி வரும்போது ஸ்கூட்டியை அவள் ஓட்டினாள். அவன் பின்னால். திருச்சுழி தாண்டிற்று.

"இம்புட்டும் எதுக்கு?" என்றாள். "அன்னிக்கே வாயால சொல்லியிருந்தா தீந்துச்சு."

"அன்னிக்கு வாய் செல்லாதுன்னாங்க. இன்னிக்குப் போனு செல்லாதுன்னாங்க. களரியன்னிக்கு என்னத்தச் செல்லாதுங்கப் போறாங்களோ."

மறுநாள் சீனிச்சாமி போனில் கூப்பிட்டார். வெப்சைட் செல்லாதுதான், ஆனால் அழித்துவிட வேண்டாம், சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கட்டும், பார்க்க அம்சமாக இருக்கிறது என்றார். வெளியூர்ப் பங்காளிகளுக்கு அனுப்பியிருக்கிறாராம். அந்தக் கேட்கிற மெனுவை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். "சரி மாமா" என்றாள். எடுக்கவில்லை. இனி அவர் காதுக்கு அது கேட்க வழியில்லை.

களரியன்று பொழுது சாயப் பெட்டி கிளம்பியது. பாண்டீஸ்வரன் ஈர வேட்டியோடு நின்றான். தலையில் சும்மாடு வைத்து, இரண்டு பேர் பெட்டியைத் தூக்கி ஏற்றினார்கள். அவன் கழுத்து ஒரு தடவை உள்ளே அமிழ்ந்து, பிறகு நிமிர்ந்தது. உருமி அடித்தது, சங்கு ஊதிற்று. ஊர் எல்லை வரை தார் ரோடு. அதுவரை ஓர் அடி பிசகாமல் நடந்தான். பின்னால் பெண்கள் கூட்டத்தில் வந்துகொண்டிருந்த நாகஜோதி அவன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். கால் யோசிக்கவே இல்லை.

ரோட்டை விட்டு இறங்கினால் கருவேலங்காட்டுப் பாதை. இரண்டு பக்கமும் முள். ஓராள்தான் போகலாம். பெட்டிக்கு முன்னால் மூன்று வீட்டுப் பெரியவர்களும் தீவட்டியோடு நடக்க வேண்டும் என்பது வழக்கம். ரோட்டில் ஒரே வரிசையில், தோளோடு தோளாக வந்துவிட்டார்கள். பாதை வாயில் மூவரும் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் உள்ளே போக முடியும். சீனிச்சாமி ஒரு காலை முன்னால் வைத்தார். பால்சாமி குறுக்கே தீவட்டியை நீட்டினார். நடுவில் மாட்டிக்கொண்ட கருத்தப்பாண்டியின் துண்டு முள்ளில் சிக்கிக்கொண்டது.

உருமி நின்றது. பெட்டி நின்றது. நாகஜோதிக்கு அடிநாக்கில் அது மறுபடியும் வந்தது.

பெட்டிக்கு அடியிலிருந்து பாண்டீஸ்வரனின் குரல் கேட்டது.

"முன்னால யாரு நிக்கிறது?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் பேரைச் சொன்னார்கள்.

"யாரா இருந்தா எனக்கென்ன, நகருங்க. கழுத்து வலிக்குது."